மல்லியின் காது இன்னும் பாக்கி

அன்புள்ள கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அப்பா பக்கத்தில் இருந்தார், அடுப்பில் பால் வேறு பொங்கிக்கொண்டிருந்தது. "குதிரைங்கள யாருக்காவது குடுத்துட்டு நிம்மதியா உக்காந்து படம் போடும்மா, இந்த வயசுல எதுக்கு பனியில வாளி தூக்கிட்டு" என்றாய். கோபம் வரவில்லை, ஆனால் ரெண்டு நாளாக லத்தி அள்ளும்போதெல்லாம் அதுதான் மண்டையில் ஓடுகிறது. வாட்ஸ்அப்பில் அடித்தால் நாலு வரியோடு விட்டுவிடுவேன், நீயும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டு முடித்துவிடுவாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

மார்கழி பிறந்து பத்து நாள் ஆகிறது. நேற்றுக் காலை வராந்தா வெப்பமானியில் 12. கால்கரியில் மைனஸ் 20 என்கிறவளுக்கு இது சிரிப்பாக இருக்கும், சிரித்துக்கொள். உனக்கு அங்கே ஹீட்டர், எனக்கு இங்கே அப்பாவின் பழைய குரங்குக் குல்லா. வெள்ளைக்காரன் நம் ஊர் தளிக்கு லிட்டில் இங்கிலாந்து என்று பேர் வைத்துவிட்டுப் போய்விட்டான், பனியில் எழுந்து தண்ணீர் காய வைக்கிறது நாங்கள்.

5 மணிக்கு எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு (லாயத்து வாசலிலும் போடுகிறேன், பொடியன் தினமும் அதன்மேல்தான் நடந்து போகிறான், அந்தக் கழுதைக்கு இடது பக்கம் எவ்வளவு இடம் கிடக்கிறது) வெந்நீர் அடுப்பைப் பற்ற வைப்பேன். அப்புறம் ஆறு குதிரைக்கும் லத்தி அள்ளி, நனைந்த மரத்தூளை எடுத்துப் புதிதாகப் போட வேண்டும். மழைக்காலம் முடிந்தாலும் தரை ஈரம் காயவில்லை, ஈரத்தில் நின்றால் குளம்புக்கு அடியில் அழுகிப்போய் ஒரு நாற்றம் வருமே, உனக்கு ஞாபகம் இருக்கும். அதனால் கொக்கியை வைத்து இருபத்து நாலு குளம்பையும் நோண்டிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவேன். இதெல்லாம் முடிய எட்டரை. பனி விலகிப் படம் போடுகிற மாதிரி வெளிச்சம் வருவது ஒன்பதுக்கு.

இங்கேதான் சிக்கல். நேரம் இல்லை என்பதல்ல, கை. இரண்டு மணி நேரம் வாளியும் முள்கரண்டியும் பிடித்த கை தூரிகையைப் பிடித்தால் நடுங்குகிறது. பெரிதாக வர்ணம் பூசலாம், முதுகு, வயிறு, பின்னால் இருக்கிற தைல மரம், அதெல்லாம் ஓடும். மூக்கோர மயிரோ கண்ணிமையோ போட முடியாது. போட்டால் பல் துலக்கும் பிரஷ்ஷால் போட்டது மாதிரி இருக்கும். காலையில் முதலில் படம் போடலாம் என்றால் வெளிச்சம் இல்லை, ட்யூப் லைட்டில் போட்டால் வெள்ளைக் குதிரை பச்சையாக வந்து நிற்கிறது.

வர்ணமும் ஒத்துழைப்பதில்லை. இந்த ஈரத்தில் வாட்டர் கலர் காய்வதே இல்லை, ஒரு பூச்சு போட்டுவிட்டு இன்னொரு லாயம் கூட்டிவிட்டு வந்தாலும் ஈரமாகவே கிடக்கும், பொறுமையில்லாமல் மேலே வைத்தால் ஒன்றுக்குள் ஒன்று ஓடிவிடும். ஆயில் குளிரில் இன்னும் மோசம். அம்பர் என்கிற பழுப்பு கலந்தது இரண்டு நாளில் தொடலாம், வெள்ளை மட்டும் ஒரு வாரம் ஆனாலும் விரலில் ஒட்டுகிறது. நம் குதிரைகளில் மூன்று வெள்ளை!

சரி, உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், அப்பாவைத் திட்டாதே, சொல்ல வேண்டாம் என்றது நான்தான். கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் நம் கிழக் குதிரை மல்லி செத்துப் பிழைத்தாள். காரணம் என் படம்தான்.

பெங்களூர்க்காரர் ஒருவருக்கு அவருடைய கறுப்பு லாப்ரடாரை வரைந்து குறித்த தேதிக்குள் கொடுப்பதாக ஒத்துக்கொண்டிருந்தேன். கறுப்பு நாயைக் கறுப்பு வர்ணத்தால் வரைந்தால் ஓட்டை மாதிரி இருக்கும், நீலமும் எரிந்த பழுப்பும் கலந்து கலந்து ஏற்ற வேண்டும். அன்றைக்கு அது அப்படி வந்து விழுந்தது, நெற்றியில் வெயில் படுகிற இடம் மட்டும் ஒரு நீலம். எனக்குச் சாப்பாடுகூட நினைவில்லை. மதியம் தொட்டிகளுக்கு வெந்நீர் கலந்து விடுவது என் வேலை, அதை மறந்தேன். அதைவிடப் பெரிய தப்பு, மல்லியின் தொட்டியில் காலையில் விட்ட தண்ணீர் அப்படியே கிடந்ததைப் பார்க்காமல் சாயங்காலம் ராகித் தாளைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். குதிரை நாளைக்கு 25, 30 லிட்டர் குடிக்க வேண்டிய பிராணி. ஜில்லென்று இருந்தால் மூக்கை வைத்துவிட்டு நகர்ந்துவிடும், அதுவும் இருபத்து நாலு வயதுக் கிழவி, பல் தேய்ந்தவள், தாளைச் சரியாக மெல்லாமல் விழுங்குகிறவள். தண்ணீர் இல்லாமல் தாள் மட்டும் உள்ளே போனால் குடலில் களிமண் மாதிரி அடைத்துக்கொள்ளும்.

ராத்திரி ஒன்பதரைக்கு, லாயத்தில் கூடமாட வேலை பார்க்கிற மாதண்ணன் வந்து கதவைத் தட்டினார். போய்ப் பார்த்தால் முன்னங்காலால் தரையைப் பறித்துக்கொண்டு, திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்க்கிறாள். தாடையடியில் விரல் வைத்து நாடியை எண்ணினேன், நிமிடத்துக்கு 60. சும்மா நிற்கிற குதிரைக்கு 40 இருந்தால் அதிகம். ஈறு காய்ந்து பிசுபிசுவென்று. வயிற்றில் காதை வைத்துக் கேட்டார் மாதண்ணன், ஒரு சத்தமும் இல்லை என்று கையை விரித்தார். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, கண்ணு. உள்ளே போனது பின்னால்தான் வெளியே வர வேண்டும், வேறு வழி கிடையாது.

டாக்டர் ஓசூரிலிருந்து அந்தப் பனியில் வந்து சேர இரண்டு மணி நேரம். ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பாரஃபின் எண்ணெயும் உப்புத் தண்ணீரும் இறக்கினார். அப்புறம் நானும் அப்பாவும் மாற்றி மாற்றி நடத்தினோம். ஜவளகிரிக் காட்டுப் பக்கம் யானை இறங்கியிருந்தது, ராகி அறுக்கிற காலம் அல்லவா, தூரத்தில் வெடி போட்டு விரட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு வெடிக்கும் மற்ற ஐந்தும் லாயத்தில் துள்ளுகின்றன, மல்லி மட்டும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு என் தோளில் மூச்சு விட்டுக்கொண்டு நடக்கிறாள். பொழுது இன்னும் விடியவில்லை, நாலே முக்கால் இருக்கும், நின்று வாலைத் தூக்கினாள். அப்பா டார்ச் அடித்து எண்ணினார். ஒன்பது உருண்டை. பத்தாவது வருமா என்று குனிந்து பார்த்துக்கொண்டே நிற்கிறார், மூட்டு மாற்றின மனுஷன்.

லாப்ரடார் நாலு நாள் தாமதமாகத்தான் போனது. அவருக்கு முகம் கோணிவிட்டது. கோணட்டும்.

இதைப் படித்ததும் "பாத்தியாம்மா, நான் சொன்னது இதுக்குத்தான்" என்பாய். நானும் ஒரு வாரம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஆடி மாதம் நடந்ததும் நினைவுக்கு வந்தது. அப்பா ஆபரேஷனுக்காகப் பெங்களூரில் சித்தி வீட்டில் ஒரு மாதம் இருந்தோமே. ஜன்னலோரம் மேஜை, வடக்கு வெளிச்சம், வேளைக்குச் சாப்பாடு, ஒரு வாளி தூக்கவில்லை. போட்டது இரண்டே படம், இரண்டும் குப்பை. போனில் இருந்த போட்டோவைப் பார்த்துப் போட்டேன், கிட்டப் போய் எடுத்த போட்டோவில் மூக்கு பூசணிக்காய் மாதிரியும் பின்பக்கம் ஆட்டுக்குட்டி மாதிரியும்தான் இருக்கும், அது தெரிந்தும் கை அதையே பின்பற்றுகிறது. கேமராவே பார்த்துச் சொல்லிக்கொடுத்தது ஒரு காலம், 1878-இல் மைபிரிட்ஜ் என்ற போட்டோக்காரர் ஓடுகிற குதிரையை வரிசையாகப் படம் எடுத்துக் காட்டும் வரை முன்காலையும் பின்காலையும் நீட்டிக்கொண்டு பறக்கிற மாதிரித்தான் எல்லோரும் வரைந்தார்கள், நாலு காலும் தரையை விடுவது வயிற்றுக்கு அடியில் மடக்கும்போது என்று யாருக்கும் தெரியவில்லை. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிற்கிற குதிரைக்கு எனக்குப் போட்டோ உதவவில்லை.

மல்லியின் கண்ணுக்கு மேலே ஒரு குழி இருக்கிறது. வயதாக ஆக ஆழமாகிறது, இப்போது ஒரு எலுமிச்சம்பழத்தை வைக்கலாம். அவள் மெல்லும்போது அந்தக் குழி மேலே எழும்பி எழும்பி அமுங்கும். இதை நான் படம் போடும்போது பார்க்கவில்லை, ஊற வைத்த தவிட்டை அவள் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றபோது பார்த்தேன், கண்ணுக்கு மருந்து விடும்போது இன்னொன்று, கண்மணியின் மேல் விளிம்பில் சின்னச் சின்னதாகக் கறுப்பு முடிச்சுகள், திராட்சை விதை மாதிரி. எல்லாக் குதிரைக்கும் உண்டு. இருபது வருஷமாக நான் குதிரைக் கண்ணை வழவழவென்று கோலிக்குண்டு மாதிரி போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இதற்காக வாளி தூக்குவது நல்லது என்று சொல்ல வரவில்லை, வாளி வாளிதான், முதுகு வலி முதுகு வலிதான்.

அதனால் ஏற்பாட்டை மாற்றிவிட்டேன். காலை வாளி, லத்தி எல்லாம் மாதண்ணனும் அவர் மகனும். அதற்குச் சம்பளம் கூடுதல், லாப்ரடார் காசு மூன்று மாதத்துக்குக் காணும். எனக்குக் காலையில் கோலமும் குளம்பும் மட்டும். ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை படம். பதினொன்றரைக்குப் போனில் அலாரம் வைத்திருக்கிறேன், உன் அப்பாவின் குரலைப் பதிவு செய்து, "தண்ணி" என்று ஒரே வார்த்தை. அடித்தால் தூரிகை எங்கே இருந்தாலும் அங்கேயே வைத்துவிட்டுப் போய்த் தொட்டியைப் பார்க்க வேண்டும். ராத்திரி வேலை முழுக்க என்னுடையது. பத்து மணிக்கு ஒரு சுற்று, வெந்நீர், தவிட்டில் ஒரு பிடி உப்பு, கிழவிக்குக் கம்பளி, கடைசியாகக் கொஞ்சம் தாள், மெதுவாகச் செரிக்கிற அந்தத் தாள்தான் விடிய விடிய உடம்புக்குள் சூடு. அந்த நேரத்துக்கு எப்படியும் நான் படம் போடப் போவதில்லை, கை நடுங்கினால் நடுங்கட்டும்.

"குதிரை வளக்குற ஊரா அது" என்றும் கேட்டாயே. மத்திகிரிப் பண்ணையைத் தாண்டித்தானே பள்ளிக்கூடம் போனாய், 1824-இல் பட்டாளத்துக் குதிரைக்காக ஆரம்பித்தது அது. மல்லப்பாடிக்குக் கூட்டிப்போனதையும் மறந்துவிட்டாயா, பர்கூர் பக்கம், பாறையில் வெள்ளையாகக் குதிரைமேல் ஆள் வரைந்திருந்ததே? "அம்மா, இவங்களுக்குக் கால் போடத் தெரியல" என்று சொன்னது நீ. எனக்கு அன்றைக்கே பொறாமை. நாலு கோட்டில் குதிரை என்று தெரிகிறது, நான் நாற்பது மணி நேரம் போட்டாலும் சில சமயம் மாடோ என்று கேட்கிறார்கள்.

மாடு என்றதும் ஞாபகம், பொங்கல் வருகிறது. போன வருஷம் 14 ஜோடிக் கொம்புக்கு வர்ணம் அடித்தேன், ஊரில் எல்லோருக்கும் நான் படக்காரி, கூலி ஒரு படி பச்சை மொச்சை. இந்த வருஷம் எருது விடும் விழாவுக்குப் போகிற காளை ஒன்றுக்கு ஊதா வேண்டுமாம். குதிரைக்குத்தான் அடிக்கக் கொம்பில்லை, மஞ்சள் குங்குமத்தோடு விட்டுவிடுவேன்.

இப்போது உனக்காகப் போடுகிற மல்லியின் படம். அந்தியூர் ஆடித் திருவிழாச் சந்தையிலிருந்து நாலு வயதில் வந்தவளை நீ இரும்புச் சாம்பல் நிறத்தில் பார்த்தாய், பத்தாவது படிக்கும்போது உடம்பெல்லாம் காசு காசாகப் புள்ளி, இப்போது முழு வெள்ளை, தோல் மட்டும் அதே கறுப்பு. அதனால் வெள்ளைக்கு அடியில் எல்லா இடத்திலும் கொஞ்சம் நீலம் விட்டிருக்கிறேன், மூக்கில் கறுப்பு தெரிகிறது. கண் முடிந்தது, அந்த முடிச்சுகளோடு. குழி முடிந்தது. காது மட்டும் பாக்கி. மல்லி மாதிரி மார்வாரி ஜாதிக் குதிரை என்றால் இரண்டு காதும் முன்னால் வந்து நுனி தொட்டுக்கொள்ள வேண்டும், அதுதான் அழகு, பெங்களூர்க்காரர்கள் அதைத்தான் கேட்பார்கள். ஆனால் நான் லாயத்துக்குள் நிற்கும்போது அவள் ஒருநாளும் அப்படி வைத்ததில்லை, ஒரு காது வாசலுக்கு, ஒரு காது பின்னால் எனக்கு. உனக்கு எது வேண்டும் என்று சொல். தை பிறப்பதற்குள் சொல், அதற்கப்புறம் கொம்பு வேலை வந்துவிடும்.

பங்குனியில் வரும்போது கம்பளி எதுவும் வாங்கி வராதே, அப்போது இங்கே வெயில். மெல்லிய தூரிகை, 0-வும் 1-உம், இரண்டிரண்டு போதும்.

அம்மா