அது ரஷ்ய டாங்கி இல்லை, ஆவடி டாங்கி

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் போர் நினைவுச் சின்னங்கள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், சாலைச் சந்திப்பில் நிற்கும் ஒரு டாங்கியின் படத்தைப் போட்டு 'ரஷ்யத் தயாரிப்பு' என்று எழுதியிருந்தீர்கள். படத்தில் இருப்பது விஜயந்தா என்ற நம் நாட்டு டாங்கி. ஆவடியில் செய்தது. ரஷ்ய டி-55 என்றால் பக்கத்துக்கு ஐந்து சக்கரம்தான் இருக்கும், முதல் சக்கரத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் இடைவெளி தெரியும், பீரங்கிக் குழலின் தடித்த பகுதி வாய்ப் பக்கத்திலேயே இருக்கும். விஜயந்தாவுக்கு ஆறு சக்கரம். சுட்ட புகையை வெளியே தள்ளும் அந்தத் தடித்த பகுதி குழலின் நடுவில் இருக்கும். உங்கள் படத்திலேயே எண்ணிப் பார்க்கலாம்.

என் அப்பா ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வெல்டராக இருந்தவர் என்பதால் எனக்குக் கோபம் வந்தது உண்மைதான். ஆனால் நிருபரை மட்டும் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் நான் பார்த்த இந்த மாதிரி டாங்கிகளின் பக்கத்தில் எல்லாம் திறந்து வைத்தவர் பெயர் பெரிதாக இருக்கிறது, இதை எங்கே, யார் செய்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை.

1965 செப்டம்பரில் பாகிஸ்தானுடன் சண்டை நடந்தபோது நம் ராணுவத்திடம் இருந்த செஞ்சுரியன், ஷெர்மன், ஏ.எம்.எக்ஸ் டாங்கிகள் எல்லாமே வெளியிலிருந்து வாங்கியவை. அதே ஆண்டில்தான் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா வெளியே வந்தது. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு 1961-ல் போட்ட ஒப்பந்தப்படி செய்தது அது. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள், அப்புறம் படிப்படியாக இங்கேயே செய்ய ஆரம்பித்து, 1980-களின் தொடக்கம் வரை ஏறத்தாழ 2,200 டாங்கிகள் செய்து முடித்தார்கள்.

அதில் இருந்த 105 மி.மீ. பீரங்கிக்கு ஒரு கதை உண்டு. 1956-ல் ஹங்கேரியில் கிளர்ச்சி நடந்தபோது ஒரு சோவியத் டி-54 டாங்கியைக் கிளர்ச்சிக்காரர்கள் புடாபெஸ்ட்டில் இருந்த பிரிட்டிஷ் தூதரகத்துக்குள் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அதன் கவசத்தைச் சோதித்துப் பார்த்த பிரிட்டிஷ்காரர்கள், தங்களிடம் இருக்கும் பீரங்கி இதற்குப் போதாது என்று முடிவு செய்து உருவாக்கியதுதான் எல்-7. ஜெர்மனியின் லெப்பர்ட்-1 டாங்கியிலும் அதுதான், அமெரிக்க எம்-60 டாங்கியிலும் அதன் வடிவம்தான், ஆவடி டாங்கியிலும் அதுதான்.

எஞ்சின் கதை வேறு. விஜயந்தாவைக் குறை சொல்பவர்கள் எல்லாரும் எஞ்சினைத்தான் சொல்வார்கள், அது நியாயமும்கூட. லேலண்ட் எல்-60: ஆறு சிலிண்டர், பன்னிரண்டு பிஸ்டன், ஒரே சிலிண்டருக்குள் மேலிருந்து ஒன்றும் கீழிருந்து ஒன்றும் எதிரெதிராக வரும். டீசல், பெட்ரோல் என்று எதை ஊற்றினாலும் ஓட வேண்டும் என்ற நேட்டோ ராணுவக் கூட்டணியின் விருப்பத்துக்காக அப்படி ஒரு சிக்கலான வடிவம். பிரிட்டனின் சொந்த சீஃப்டன் டாங்கியிலேயே அது பல ஆண்டுகள் தொல்லை கொடுத்தது. அதற்கு ஆவடித் தொழிலாளியைக் குற்றம் சொல்வது எந்த விதத்தில் சரி?

அவர்கள் செய்த வேலையைக் கேளுங்கள். விஜயந்தாவின் உடலும் பீரங்கி இருக்கும் மேல்கூண்டும் வார்த்தவை அல்ல, கவசத் தகடுகளை வெல்டிங் செய்து சேர்த்தவை. அந்தத் தடிமனில் இருக்கும் கடின எஃகை அப்படியே பற்றவைத்தால் விரிசல் விடும், அதனால் முதலில் தகட்டைச் சூடாக்க வேண்டும், பிறகு மெல்ல ஆறவிட வேண்டும். வெல்டிங் ராடில் துளி ஈரம் இருந்தாலும் அதிலிருந்து ஹைட்ரஜன் பற்றவைத்த தையலுக்குள் போய் விரிசல் விடவைக்கும். அந்த விரிசல் உடனே தெரியாது, மறுநாள்கூட வரும். சென்னையின் காற்றோ எப்போதும் ஈரம். ராடுகளைச் சூட்டடுப்பிலேயே வைத்திருந்து, கொஞ்ச நேரம் வெளியில் கிடந்தால்கூட அதைத் தொடமாட்டோம், திரும்ப அடுப்புக்குத்தான் போகும் என்று அப்பா சொல்வார். மே மாத வெயிலில், சூடேற்றிய தகட்டுக்குப் பக்கத்தில் முகமூடியோடு உட்கார்ந்து செய்த வேலை அது.

போர்களைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. தளபதிகள் நினைவுக் குறிப்புகள் எழுதியிருக்கிறார்கள். டர்னர், ஃபிட்டர், வெல்டர் என்று இருந்தவர்கள் சொல்வதை யாராவது உட்கார்ந்து எழுதி வைத்து நான் பார்த்ததில்லை. உள்ளே கேமரா கொண்டுபோக முடியாது என்பதால் எங்கள் வீட்டில் அப்பா வேலை செய்யும் படம் ஒன்றுகூடக் கிடையாது. இருப்பது அவர்கள் ஞாபகம் மட்டும்தான். 1965-ல் இருபது வயதில் சேர்ந்தவருக்கு இப்போது எண்பது. விஜயந்தா படையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது, இதில் காக்க வேண்டிய ரகசியம் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது.

திருத்தம் போடுவீர்கள் என்று நம்புகிறேன். அதோடு நிறுத்தாமல் ஆவடி, பட்டாபிராம், திருமுல்லைவாயல் பக்கம் ஒரு நிருபரை அனுப்பி, ஓய்வுபெற்றவர்களிடம் பேசி ஒரு தொடராகப் போடுங்கள். தொழிற்சாலையை இப்போது நடத்தும் கவச வாகன நிறுவனத்தின் தலைமையகமும் ஆவடியில்தான் இருக்கிறது. டாங்கிகளுக்குப் பக்கத்தில் தமிழிலும் ஒரு பலகை வைக்கச் சொல்லி அவர்களையும் மாவட்ட நிர்வாகங்களையும் உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆவடி வாசகர் ஒருவர்