டாவோஸில் டார்ச்சோடு வந்த பாட்டிக்கு

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், டாவோஸ் (Taos) ஊருக்கு அருகே, பழைய டயர்களில் மண் அடைத்துச் சுவர் எழுப்பிய ‘எர்த்ஷிப்’ வீட்டில் மூன்று நாள் வாழ்ந்து பார்க்கப் போனோம். வெளியிலிருந்து மின்கம்பியும் கிடையாது, குடிநீர்க் குழாயும் கிடையாது. சூரியத் தகடும் கூரையில் விழும் மழையும்தான் எல்லாம்.

முதல் இரவே குழந்தையின் பாலுக்கு வெந்நீர் வைக்க 1500 வாட் கெட்டிலைப் போட்டேன். வீடே இருண்டுவிட்டது. குழந்தை அழ, கைகால் ஓடவில்லை.

பக்கத்து வீட்டிலிருந்து வந்தீர்கள். பகல் முழுக்க மேகம், பேட்டரி ஏறவில்லை என்று மீட்டரைக் காட்டினீர்கள். கேஸ் அடுப்பில் வெந்நீர் வைத்துக் கொடுத்தீர்கள். துணி துவைப்பது உச்சிவெயிலில், இரவில் விளக்கும் ஃப்ரிட்ஜும் மட்டும் என்று சொல்லித் தந்தீர்கள். அப்புறம், குளித்த தண்ணீர் வீட்டுக்குள் நிற்கும் வாழைக்குப் போவதையும் காட்டினீர்கள். அந்தப் பாலைவனத்தில் வாழை!

பெயர்கூடக் கேட்கவில்லை. ரொம்ப நன்றி பாட்டி. குழந்தை அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினாள்.