மேசா நிலத்துப் பயணம்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வசந்தகாலப் பயணங்களுக்கு முன்பதிவு தொடங்கிய நாளிலிருந்து ஒரே கேள்வியைப் பலர் எங்களிடம் கேட்டுவருகிறீர்கள். ஃபீனிக்ஸிலிருந்து புறப்பட்டு கிராண்ட் கேன்யன், பேஜ், மானுமென்ட் வேலி, மோவாப், மேசா வெர்டே வழியாகத் திரும்பும் எங்கள் ஏழு நாள் கார்ப் பயணத் திட்டத்தில், சென்ற ஆண்டு வரை இருந்த சயான், பிரைஸ் கேன்யன் என்ற இரண்டு தேசியப் பூங்காக்கள் இப்போது ஏன் இல்லை, இடங்கள் குறைந்தும் கட்டணம் ஏன் குறையவில்லை என்பதே அந்தக் கேள்வி. ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் பாதி விளக்கம் சொல்வதைவிட, எல்லோருக்கும் முழுமையாக எழுதிவிடுவது முறை என்று கருதி இம்மடலை அனுப்புகிறோம்.

இந்த நிலத்தில் வரைபடம் காட்டும் நெருக்கத்தை நம்பக்கூடாது. கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பில் நின்றால் வடக்கு விளிம்பு எதிரே தெரியும். பறவை பறக்கும் தூரம் 10 மைல்தான். காரில் போக வேண்டுமானால் 215 மைல் சுற்ற வேண்டும். காரணம், பேஜ் ஊரை ஒட்டியுள்ள கிளென் கேன்யன் அணைக்கும் லாஸ் வேகஸ் அருகிலுள்ள ஹூவர் அணைக்கும் இடையில் கொலராடோ ஆற்றைக் கார் கடக்க நவஹோ பாலம் என்ற ஓர் இடத்தைத் தவிர வேறு வழி கிடையாது. 1929-இல் கட்டிய பழைய பாலத்தில் இன்று நடந்து செல்லலாம். வண்டிகள் அதன் பக்கத்தில் 1995-இல் திறந்த புதிய பாலத்தில் ஓடுகின்றன. ஆறு ஆழமாக அறுத்துவைத்த இந்த நாட்டில் சாலைகள் நேராகப் போவதில்லை. ஃபீனிக்ஸிலிருந்து கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு 230 மைல், அங்கிருந்து பேஜ் ஏறத்தாழ 135, பேஜிலிருந்து மானுமென்ட் வேலி 125, அங்கிருந்து மோவாப் 150, மோவாபிலிருந்து மேசா வெர்டே 130, அங்கிருந்து வீடு திரும்ப 400 மைலுக்கும் மேல். உள்ளூர் ஓட்டத்தைச் சேர்க்காமலே 1,150 மைலைத் தாண்டிவிடும் இந்தக் கணக்கில் சயானையும் பிரைஸையும் சேர்த்தபோது, பல நாட்கள் காரிலேயே கழிந்ததைச் சென்ற ஆண்டு பயணம் செய்தவர்களின் குறிப்புகளிலிருந்து அறிந்தோம். எங்கள் கட்டணத்தின் பெரும்பகுதி அறை வாடகையும் வழிகாட்டிகளின் ஊதியமும் என்பதால், ஓட்டம் குறைந்தும் தொகை குறையவில்லை.

மிச்சப்படுத்திய நேரத்தை எங்கே செலவிட்டோம் என்பதையும் சொல்ல வேண்டும். அது மானுமென்ட் வேலியில் நிற்கும் மேசாக்களுக்கு, அதாவது உச்சி தட்டையான மலைகளுக்குச் சென்றது. மேசா என்பது ஸ்பானிய மொழியில் மேசை. தமிழில் நாம் மேசை என்பதும் போர்த்துகீசியர் வழியாக வந்த அதே சொல்தான். ஆகவே அந்தத் தட்டையான மலைகளுக்கு வேறு பெயர் தேட வேண்டியதில்லை. மேலே கடினமான பாறை மூடிபோல் உட்கார்ந்திருக்க, கீழேயுள்ள மென்பாறையை மழையும் பனியும் காற்றும் ஓரங்களில் அரிக்கும்போது, தாங்குதல் இல்லாத மேல்பாறை செங்குத்தாக உடைந்து விழுகிறது. அகன்ற மேசா இப்படி ஓரம் ஓரமாகக் குறுகிப் பியூட் எனப்படும் தனிக்குன்றாகிறது. அதுவும் குறுகி ஒற்றைத் தூணாக நிற்கிறது. மானுமென்ட் வேலியில் இந்த அடுக்குகளைக் கண்ணால் எண்ணலாம்: அடியில் சரிவாகக் கிடப்பது ஆர்கன் ராக் களிப்பாறை, அதன்மேல் சுவர்போல் எழுவது டி ஷெய் மணற்பாறை, உச்சியில் மொயன்கோபியும் ஷினாரம்பும். செந்நிறம் பாறையிலுள்ள இரும்புத் துருவால் வந்தது.

இந்தப் பாறைகளின் அழகு நின்று பார்க்கும் வேளையைப் பொறுத்தது. பார்வையாளர் மையத்திலிருந்து பார்க்கும்போது, கையுறை வடிவிலுள்ள இரண்டு மிட்டன் குன்றுகளும் மெரிக் குன்றும் கிழக்கே இருக்கின்றன. விடியலில் அவை கறுத்த நிழலுருவங்கள். மாலையில் வெயில் முகத்தில் விழும்போது தணல்போல் சிவக்கின்றன. நண்பகலில் வந்து இரண்டு மணி நேரத்தில் கிளம்புபவர் இரண்டையும் இழக்கிறார். ஆகவே அங்கே ஓர் இரவு தங்குவதைத் திட்டத்தில் கட்டாயமாக்கியுள்ளோம். எங்கள் பணியாளர்களைக் கேட்டால், ஏழு நாட்களில் விட்டுக்கொடுக்கக் கூடாதது இந்த இரவே என்பார்கள்.

அங்குள்ள 17 மைல் சுற்றுப்பாதை மண் சாலை. மழைக்குப் பின் அதில் மேடுபள்ளம் அதிகம். வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பலவற்றில் மண் சாலையில் ஓட்டத் தடை இருக்கிறது. ஓட்டிப் பழுதானால் காப்பீடு கைகொடுக்காது. ஒப்பந்தத்தின் அந்தப் பத்தியைக் கையெழுத்திடும் முன் படித்துவிடுங்கள். எங்கள் திட்டத்தில் நவஹோ பழங்குடியைச் சேர்ந்த வழிகாட்டி ஓட்டும் திறந்த வண்டியை ஏற்பாடு செய்கிறோம். பொதுப் பாதையைத் தாண்டியுள்ள பகுதிகளுக்கு அவர்கள் இல்லாமல் போகவும் முடியாது. இது தேசியப் பூங்கா அன்று. 1958 முதல் நவஹோ மக்களே நடத்தும் பழங்குடிப் பூங்கா. தேசியப் பூங்காக்களுக்கான நுழைவு அட்டை இங்கே செல்லாது. நவஹோ நாடு எனப்படும் அவர்களின் தன்னாட்சி நிலத்தின் எல்லைக்குள் மதுவுக்குத் தடை உண்டு. மானுமென்ட் வேலியில் டிரோன் பறக்கவிடவும் கூடாது.

மோக்கி டக்வே வழியாகப் போகலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். யுரேனியத் தாது ஏற்றிய லாரிகளுக்காக 1950-களில் வெட்டிய அந்தச் சாலை, சுமார் மூன்று மைலுக்குள் 1,100 அடி இறங்குகிறது. அந்தப் பகுதி முழுவதும் சரளைக் கல். காட்சி அபாரம் என்பதில் ஐயமில்லை, ஆனால் வாடகைக் காரில் நாங்கள் அனுப்புவதில்லை. பக்கத்திலேயே தார்ச் சாலை முடியும் இடத்தில், சான் வான் ஆறு 1,000 அடி ஆழத்தில் பாம்புபோல் மடிந்து மடிந்து ஓடும் கூஸ்நெக்ஸ் முனை இருக்கிறது. அதைச் சேர்த்துள்ளோம்.

அடுத்து, கடிகாரம். இதை எங்கள் தவற்றை ஒப்புக்கொண்டே எழுத வேண்டியிருக்கிறது. அரிசோனா மாநிலம் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவதில்லை. ஆனால் அதன் வடகிழக்கில் உள்ள நவஹோ நாடு தள்ளுகிறது. நவஹோ நாட்டால் சூழப்பட்ட, ஹோப்பி என்ற வேறொரு பழங்குடியின் நிலம் தள்ளுவதில்லை. மார்ச்சு இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை இந்தக் குழப்பம் நீடிக்கும். சென்ற ஆண்டு ஒரு குடும்பம் பேஜிலிருந்து நண்பகல் புறப்பட்டு, நாங்கள் எழுதிக்கொடுத்தபடி இரண்டு மணிக்குச் சற்றுப் பின் மானுமென்ட் வேலியை அடைந்தது. அங்கே மணி மூன்றைத் தாண்டியிருந்தது, இரண்டரை மணிக்குப் புறப்படும் சுற்றுலா வண்டி போய்விட்டது. பேஜ் நேரத்தையும் நவஹோ நேரத்தையும் கலந்து அட்டவணை போட்டது நாங்கள்தான். அவர்களுக்கு மறுநாள் காலை வண்டியை எங்கள் செலவில் ஏற்பாடு செய்தோம். அன்று முதல் எங்கள் அட்டவணையில் ஒவ்வொரு மணிக்கும் அருகில் எந்த ஊர் நேரம் என்று குறிப்பிடுகிறோம். பேஜ் அருகிலுள்ள ஆன்டிலோப் கேன்யன் என்ற குறுகிய பாறைப் பள்ளத்தாக்கு நவஹோ நிலத்தில் இருந்தாலும், அதன் சுற்றுலாக்கள் பேஜ் நேரப்படியே நடக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள். கைப்பேசி எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். ஒரு கைக்கடிகாரம் உதவும்.

ஆன்டிலோப் கேன்யனைப் பற்றி இன்னொன்று. 1997 ஆகஸ்ட் 12 அன்று அதன் கீழ்ப்பகுதியில் திடீர் வெள்ளம் புகுந்து 11 பயணிகள் இறந்தனர். பள்ளத்தாக்கின் மேல் அப்போது பெருமழை இல்லை. மழை பல மைல் தொலைவில் மேல்நிலத்தில் பெய்திருந்தது. பாலைநிலத்து மண்ணும் பாறையும் நீரை உறிஞ்சாமல் வழியவிடுவதால், அது முழுவதும் ஆளகலப் பிளவுக்குள் வந்து சேர்கிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் வானம் நீலமாக இருக்கும்போதே வழிகாட்டி சுற்றுலாவை நிறுத்தினால், அருள்கூர்ந்து வாதிடாதீர்கள். அந்தத் தொகையை முழுமையாகத் திருப்பித் தருகிறோம். ஏப்ரல், மே, செப்டம்பர் கடைசி, அக்டோபர் ஆகியவையே எங்கள் முதல் பரிந்துரை.

ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை அழைத்துச் செல்வோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பாலைவனம் என்றதும் பருத்தி உடை மட்டும் எடுத்துவைக்கிறோம். கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு 7,000 அடி உயரம், ஏறக்குறைய உதகமண்டலம். ஏப்ரலிலும் பனி விழும், படியேறினால் மூச்சு வாங்கும். அங்கே விளிம்பை ஒட்டிய தளமிட்ட நடைபாதையும் இலவசப் பேருந்தும் போதுமானவை. பள்ளத்துக்குள் இறங்குவது எளிது, ஏறுவதற்கு இரண்டு மடங்கு நேரம் ஆகும். மோவாப் அருகே டெலிகேட் ஆர்ச் என்ற பாறை வளைவுக்குப் போய்வர மூன்று மைல், வழியில் நிழல் அரிது. முழங்கால் வலியுள்ளோர் கீழ்க் காட்சிமுனையில் நின்று பார்க்கலாம். மேசா வெர்டேயில் கிளிஃப் பேலஸ் என்ற பழங்காலப் பாறைக் குடியிருப்புக்குள் செல்ல ஏணி ஏற வேண்டும், தனிச்சீட்டும் வேண்டும். ஏற இயலாதோர்க்கு எதிர்ப்பக்கக் காட்சிமுனை உண்டு. ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் காரில் இருக்கட்டும். பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்கும் முன் நிரப்பிவிடுங்கள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, கயென்டா போன்ற சிற்றூர்களில் சைவர்களுக்குக் கிடைப்பது குறைவு. நவஹோ மக்களின் பொரித்த ரொட்டியும் பீன்ஸும் நன்றாக இருக்கும். எந்தக் கொழுப்பில் பொரித்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாளுக்குப் புளியோதரையும் அதன்பின் சிறிய மின்சாரக் குக்கரும் எங்கள் வாடிக்கையாளர்களில் அனுபவசாலிகள் கண்ட வழி.

நுழைவுக் கட்டணம் மாறியிருக்கிறது. 2026 முதல் தேசியப் பூங்கா ஆண்டு அட்டை அமெரிக்காவில் வசிப்போருக்கு 80 டாலர், வெளிநாட்டவருக்கு 250 டாலர். அட்டை இல்லாத வெளிநாட்டவர் கிராண்ட் கேன்யன் உள்ளிட்ட 11 பூங்காக்களில் வழக்கமான கட்டணத்துக்கு மேல் தலைக்கு 100 டாலர் கொடுக்க வேண்டும். பெற்றோர் இருவர் உடன் வந்தால் கணக்கு முற்றிலும் வேறு. எனவே முன்பதிவுப் படிவத்தில் காரில் வருவோர் ஒவ்வொருவரின் வயது, வசிப்பிட நாடு, யார் ஓட்டுவார், அவரிடம் எந்த நாட்டு உரிமம் உள்ளது ஆகியவற்றை நிரப்பி அனுப்புங்கள். சயானும் பிரைஸும் வேண்டுவோர்க்குப் பத்து நாள் திட்டம் தனியாக உள்ளது. ஏழு நாள் திட்டத்துக்குப் பழைய அட்டவணையை நம்பி முன்பணம் கட்டியவர்கள், புதியது ஒவ்வாவிட்டால் இம்மடல் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுதுங்கள். பிடித்தம் ஏதுமின்றித் தொகையைத் திருப்பி அனுப்புவோம்.

இப்படிக்கு,
பயணத் திட்டப் பிரிவினர்
ஃபீனிக்ஸ், அரிசோனா