கருப்பட்டிக்கு எத்தனை வாரம்?

சங்கரன்கோவில்
ஞாயிறு, மதியம்

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. சிவகிரி அத்தை வந்து போனாள், பூசணிக் கொடி விஷயத்தை இன்னும் விடவில்லை. இன்று சாயங்காலம் மாரி சித்தப்பா பொதிகையில் மெட்ராஸ் வருகிறார். அவர் கையில் இதையும் சீடை டப்பாவையும் கொடுத்து விடுகிறேன். நீ போன் எடுத்து மூன்று வாரம் ஆகிறது. நாய் வளர்க்கிற நேரமா இது என்று நான் அன்றைக்குச் சொன்னது தப்புதான். அதை விட்டுவிடு.

தம்பி குமார் உன் நாய்க்குட்டி படத்தைக் காட்டினான். கருப்பட்டி என்று பேர் வைத்திருக்கிறாயாம், நல்ல பேர். நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு லட்சணமாக இருக்கிறது. மாட்டாஸ்பத்திரியில் 31 வருஷப் பழக்கம், படத்தைப் பெரிதாக்கி முதலில் வாயைத்தான் பார்த்தேன். பால் பல் முளைத்திருக்கிறது. 8 வாரம் ஒட்டி இருக்கும்.

ஊசி ஆரம்பித்தாயா? ஒன்று போட்டோம், போதும் என்று இருந்துவிடாதே. தாயின் சீம்பாலில் வந்த காப்பு குட்டி உடம்பில் கொஞ்ச வாரம் நிற்கும். அது நிற்கிற வரை நாம் போடும் ஊசி மருந்தையும் அதுவே முறித்துவிடும். எந்த வாரத்தில் வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6, 8 வாரத்தில் தொடங்கி, 3, 4 வாரத்துக்கு ஒரு தடவை, 16 வாரம் முடிகிற வரை போடச் சொல்கிறார்கள். பாதியில் நிறுத்தியவர்கள் குட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு எங்கள் மாட்டாஸ்பத்திரி வாசலில் வந்து நிற்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பார்வோ என்கிற நோய். தண்ணீர் குடித்தாலும் வாந்தி, ரத்தமாகக் கழிச்சல். நாங்கள் குளுக்கோஸ் ஏற்றுவோம், பாதி குட்டி பிழைக்காது. அந்தக் கிருமி மண்ணில் மாசக்கணக்கில் சாகாமல் கிடக்கும். ஊசி எல்லாம் முடிகிற வரை மற்ற நாய் நடக்கிற இடத்தில் குட்டியைத் தரையில் விடாதே.

குடல் பூச்சிக்கு மருந்து மூன்று மாதம் வரை 15 நாளைக்கு ஒரு தடவை, அப்புறம் ஆறு மாதம் வரை மாதம் ஒரு தடவை, அதற்கப்புறம் மூன்று மாதத்துக்கு ஒன்று. எடை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். காது மடலையும் விரல் இடுக்கையும் தினம் தடவிப் பார், உண்ணி அங்கேதான் ஒளியும். உண்ணிக் காய்ச்சல் வந்தால் ரத்தம் குறைந்து நாய் சுருண்டு படுத்துவிடும். உன் மாடிக்கு ஒரு பூனை வருமே, நாய்க்கு வாங்கும் உண்ணி மருந்தை அதன் மேல் தடவிவிடாதே. சில மருந்து பூனையைக் கொன்றே போடும்.

வெறிநோய் ஊசி மூன்று மாதம் நிறைந்ததும். டாக்டர் சொல்கிற தேதியில் அடுத்தது, பிறகு வருஷா வருஷம். உன் வேலையில் நேரம் கிடைக்காது என்று தெரியும். வேப்பேரி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஒரு லீவு போட்டுப் போ. அங்கே பெரிய டாக்டர்கள் இருக்கிறார்கள். தெருவில் நடுங்கிக்கொண்டிருந்ததைத் தூக்கி வந்து தனியாக இத்தனை நாள் காப்பாற்றியிருக்கிறாய். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. அதை அன்றைக்கே போனில் சொல்லியிருக்க வேண்டும்.

மூன்று மாதம் வரை வெறிநோய் ஊசி இல்லை என்பதால் அதுவரை குட்டிக்கு அந்த நோய் வராது என்று அர்த்தமில்லை. தாய் எது, அதை எது கடித்தது என்று நமக்குத் தெரியாது. குட்டிப் பல் ஊசி மாதிரி இருக்கும், விளையாட்டுக்குக் கவ்வினாலும் இறங்கிவிடும். கையைக் கொடுத்து விளையாடாதே, துணி பொம்மை எதையாவது கொடு. பல் பட்டால் சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவ வேண்டும். குட்டிதானே என்று இருக்கக் கூடாது. குட்டிதானே என்று மட்டும் இருக்கக் கூடாது பாப்பா.

சரி, சுற்றி வளைத்து எழுத எனக்கு முடியவில்லை. வியாழக்கிழமை அது உன் மணிக்கட்டில் கடித்து ரத்தம் வந்தது என்று குமார் சொல்லிவிட்டான். அக்காவிடம் கேட்காதீர்கள் என்று சத்தியம் வாங்கினான். அவனைத் திட்டாதே. இன்றோடு மூன்று நாள். நீ ஊசிக்குப் போகவில்லை.

உன் கெண்டைக்கால் தழும்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவுக்கும் தெரியாது. 1994-இல் நம் வீட்டு நாய் செவலை உன்னைக் கடித்தபோது ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை, திங்கட்கிழமை வரச் சொன்னார்கள் என்று வீட்டில் சொன்னேன். அம்மா இன்று வரை அந்த ஆஸ்பத்திரியைத் திட்டுகிறாள். நான் அங்கே போகவே இல்லை. பஸ் ஸ்டாண்டு வரை போய், டீக்கடையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். உன் காலில் சுண்ணாம்பு தடவியதும் நான்தான்.

அதற்கு ஆறு மாதம் முன்னால் ஊரில் நாய்களுக்கு வெறிநோய் ஊசி முகாம். நாள் முழுக்க ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தேன். சாயங்காலம் கடைசியாக ஒரு குப்பி இருந்தது. செவலைக்கு என்று வைத்திருந்தேன். அதற்குள் பண்ணை வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது, அவர்களுடைய ராஜபாளையம் நாய்க்குப் போடச் சொல்லி. நம் வீட்டு நாய்தானே, அடுத்த தடவை போட்டுக்கொள்ளலாம் என்று அங்கே போட்டேன். அந்த அடுத்த தடவை வரவில்லை. உன்னைக் கூட்டிக்கொண்டு போனால், மாட்டாஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவன் வீட்டு நாய்க்கே ஊசி இல்லையா என்று கேட்பார்களே. அந்த வெட்கத்தில் நாலு நாளைக் கடத்தினேன். நாலாம் நாள் செவலைக்குத் தாடை தொங்கிவிட்டது. சட்டிக்குள் முகத்தை விட்டது, தண்ணீர் இறங்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தொப்புளைச் சுற்றி ஊசி போட்டார்களே, ஒவ்வொரு நாளும் நீ என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அலறினாய். அப்புறம் இரண்டு வருஷம், நீ தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் உன் தொண்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ பிழைத்ததில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

இப்போது தொப்புள் ஊசி கிடையாது. முதல் ஊசி, அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாள் என்று நாலு தடவை, கையில் தோலுக்குள் போடுகிறார்கள். அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது. ரத்தம் வந்த கடி என்று சொல், காயத்திலேயே போடும் மருந்து ஒன்று உண்டு, அதையும் கேள். கருப்பட்டியை 10 நாள் கண்ணில் வைத்துப் பார். நன்றாக இருந்தால் மேற்கொண்டு என்ன செய்வது என்று டாக்டர் சொல்வார். அதற்காக 10 நாள் கழித்து ஊசி போடலாம் என்று இருக்காதே. இது கைக்கு வந்த உடனேயே போ. குட்டியைத் துரத்திவிடவும் வேண்டாம். அது ஒரு தப்பும் செய்யவில்லை.

சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறேன், கூட வருவார். என்னோடு பேச வேண்டும் என்று இல்லை. ஓ.பி. சீட்டை மட்டும் படம் எடுத்துக் குமாருக்கு அனுப்பு.

அப்பா