லியோனில் வாசிக்கப்பட்ட தீர்ப்பு

அன்புள்ள மகளுக்கு,

நீ படம் அனுப்பியிருந்த, இன்றைய பிரான்சில் உள்ள லியோன் செயின்ட் ஜான் பேராலயத்தில்தான், 1245 ஜூலை 17 அன்று, திருத்தந்தை நான்காம் இன்னசென்ட் புனித உரோமைப் பேரரசர் இரண்டாம் பிரெடரிக்கைப் பதவியிறக்கினார். அந்தத் தீர்ப்பை உரோமையில் வாசிக்காமல் அங்கே ஏன் வாசித்தார்கள் என்று கேட்டிருந்தாய்.

ஜெர்மனியும் சிசிலியும் ஒரே மனிதர் கையில் இருந்ததால், நடுவில் இருந்த உரோமையில் திருத்தந்தைக்கு மூச்சுவிட இடமில்லை. 1241-இல் அப்போதைய திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி, திருச்சபை ஆயர்களின் பேரவையான பொதுச்சங்கத்தை உரோமையில் கூட்ட முயன்றபோது, ஜெனோவாக் கப்பல்களில் வந்த ஆயர்களையும் கர்தினால்களையும் பிரெடரிக்கின் கப்பற்படை ஜில்யோ தீவருகே மடக்கிச் சிறைபிடித்தது. ஆகவே பின்னர் திருத்தந்தையான இன்னசென்ட், 1244-இல் மாறுவேடத்தில் நழுவி, சொந்த ஊரான ஜெனோவா வழியாக லியோனுக்குப் போய்ச் சேர்ந்தார். பெயரளவில் அது பேரரசைச் சேர்ந்த நகரம்தான். ஆனால் அதை ஆண்டுவந்தவர் அதன் பேராயர், அண்டையில் இருந்தவர் பிரெஞ்சு மன்னர்.

பொய்ச்சத்தியம், சமாதானத்தை முறித்தது, புனிதத்தைக் குலைத்தது, திரிபுக்கொள்கைச் சந்தேகம் என நான்கு குற்றச்சாட்டுகள். மூன்றாவதற்கு ஆதாரம் தேட வேண்டியதே இல்லை. கடலில் ஆயர்களைப் பிடித்ததன்மூலம் பிரெடரிக்கே அதைக் கொடுத்திருந்தார். தீர்ப்பு முடிந்ததும் ஆயர்கள் எரியும் தீவட்டிகளைத் தலைகீழாகத் தரையில் அழுத்தி அணைத்தார்களாம். ஆனாலும் வாதியே நீதிபதியாக அமர்ந்த அந்த வழக்கை நியாயமான விசாரணை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எனக்குப் பிடித்தவர் பேரரசருக்காக வாதாடிய செஸ்ஸா ஊர் ததேயு. ஜெர்மன் ஆயர்கள் மிகச் சிலரே வந்திருந்த இச்சபை முழுமையான பொதுச்சங்கம் ஆகாது என்றும், இனி வரும் திருத்தந்தையிடமும் இதைவிட விரிந்த பொதுச்சங்கத்திடமும் மேல்முறையீடு செய்வதாகவும் அவர் சொன்னார். இன்னசென்ட் அதைத் தள்ளிவிட்டார். பிரெடரிக் முடியைக் கழற்றவில்லை. 1250-இல் சாகும்வரை போரிட்டார். ததேயுவோ 1248-லேயே பார்மா முற்றுகையில் கொல்லப்பட்டுவிட்டார்.

ஆனால் திருத்தந்தைக்கு மேலே பொதுச்சங்கம் என்ற ததேயுவின் வாதம் பின்னாளில் திரும்பி வந்தது. 1415-இல் கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய பொதுச்சங்கம், திருத்தந்தையும் தனக்குக் கட்டுப்பட்டவரே என்று அறிவித்து, தன்னைக் கூட்டிய இருபத்துமூன்றாம் யோவானையே பதவியிறக்கியது. அவரைத் திருச்சபை இன்று எதிர்த்திருத்தந்தை, அதாவது முறையற்ற போட்டித் திருத்தந்தை, என்றே கணக்கிடுகிறது. சங்கத்தைக் கூட்டும்படி அவரை நெருக்கியவர், ஒருகாலத்தில் பிரெடரிக் அமர்ந்திருந்த ஜெர்மன் அரியணையில் அப்போது இருந்த சிகிஸ்மண்ட்.

அன்புடன்,
அப்பா