தலைப்பில் காணாமல் போன ‘லாம்’

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழில் ‘செவ்வாயில் உயிர்: நாசா கண்டுபிடிப்பு’ என்று எட்டுப் பத்தித் தலைப்பு. செய்தியின் கடைசிக்கு முந்திய வரியில்தான் ‘இருந்திருக்கலாம்’ என்று இருந்தது. டீக்கடையில் “கண்டுபிடிச்சுட்டாங்களாமே சார்” என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி முடிப்பதற்குள் என் டீ ஆறிவிட்டது.

மண் பரிசோதனை நிலையத்தில் 31 வருடம் வேலை பார்த்தவன் நான். தண்ணீர் தேங்கிய நெல் வயலில் காலை வைத்து எடுத்தால் மேலே செம்பழுப்புப் படலம், அடியில் கருஞ்சேறு, லேசாக அழுகிய முட்டை வாடை. காற்றுப் புகாத அந்தச் சேற்றில் பாக்டீரியாக்கள் மட்கும் தழையைத் தின்று, ஆக்சிஜனுக்குப் பதில் இரும்பையும் சல்பேட்டையும் வைத்துப் பிழைக்கின்றன. கறுப்பாகத் தெரிவது இரும்பு சல்பைடு.

நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தி 2024 ஜூலையில் செவ்வாயின் ஜெசெரோ பள்ளத்தில் பார்த்ததும் ஒரு சேற்றுக்கல்தான். பழைய ஆற்றுப் பாதையில் படிந்து இறுகியது. அதில் கறுத்த விளிம்போடு சிறுத்தைத் தோல் போலப் புள்ளிகள். விளிம்பில் விவியனைட் என்ற இரும்பு பாஸ்பேட், நடுவில் கிரெய்கைட் என்ற இரும்பு சல்பைடு, கூடவே கரிமப் பொருள். 2025 செப்டம்பர் 10 அன்று ‘நேச்சர்’ அறிவியல் இதழில் இதைப் படித்ததும், சரி, நம் ஊர்ச் சேறு மாதிரியே இருக்கிறதே என்று எனக்கும் ஒரு கணம் புல்லரித்தது உண்மை.

ஆனால் கடும் சூடு பட்டால் பாக்டீரியா இல்லாமலும் சல்பைடு உண்டாகும். இந்தக் கல்லில் அப்படிச் சூடுபட்ட அடையாளம் இல்லை. அதனால்தான் இத்தனை பேச்சு. சூடில்லாமல் வெறும் வேதியியலே மெல்ல மெல்ல இதைச் செய்திருக்காதா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. கட்டுரை எழுதியவர்களே ‘உயிர்த்தடயமாக இருக்கக்கூடியது’ என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அண்டார்டிகாவில் கிடைத்திருந்த செவ்வாய் விண்கல்லை வைத்து 1996 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கிளிண்டனே வெள்ளை மாளிகையில் பேசினார். அதிலிருந்த புழு போன்ற வடிவங்களை இன்று பெரும்பாலான விஞ்ஞானிகள் உயிரின் தடயமாக ஏற்பதில்லை.

“மண்ணு கறுத்துக் கிடக்குதுங்க” என்று விவசாயி சொன்னதை வைத்து நாங்கள் ஒருநாளும் ரிப்போர்ட் எழுதியதில்லை. அரை கிலோ மண் பையில் வந்தாக வேண்டும். செவ்வாய்க் கல்லிலும் ஒரு துண்டு குடைந்து எடுத்துக் குழாயில் அடைத்தாயிற்று. அதைப் பூமிக்குக் கொண்டுவர 1,100 கோடி டாலர் ஆகும், 2040 வரை காத்திருக்க வேண்டும் என்று 2024-ல் கணக்குப் போட்டுவிட்டு நாசா கையைப் பிசைந்தது. குழாய் ஊர்தியின் வயிற்றிலேயே கிடக்கிறது.

அதுவரை தலைப்பில் ஒரு ‘லாம்’ சேர்த்துப் போடுங்கள். எட்டுப் பத்தியில் இடமா இல்லை?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மண் பரிசோதனை ஊழியர்,
மன்னார்குடி.