பக்கத்துக் காட்டு அக்காவுக்கும் உங்கள் எல்லாருக்கும்

நடந்தது பாலக்கோடு பக்கம் எல்லாருக்கும் தெரியும், அதை மறுபடி எழுத எனக்குக் கை வரவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்த எங்கள் வீட்டுக்காரர் இப்போது கோலைப் பிடித்துக்கொண்டு வரப்பு வரைக்கும் வந்து நிற்கிறார், அது போதும். ரத்தம் கொடுத்த தம்பிகள், ராத்திரியில் வண்டி எடுத்த அண்ணன், பிள்ளைகளுக்குச் சோறு போட்ட பெரியம்மா, ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளிப் பழம் ஏற்றிப்போய்ச் சீட்டும் பணமும் அப்படியே கொண்டுவந்து கொடுத்தவர்கள், எல்லாருக்கும் பெரிய கும்பிடு.

பக்கத்துக் காட்டு அக்காவைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரியில் இருந்தபோது தக்காளி என்ற நினைப்பே எனக்கு இல்லை. குச்சி நட்டுக் கட்டிய கொடி ரகம், கவனிக்காமல் விட்டால் இலைக்கு இலை கக்கத்தில் சிம்பு, அதாவது பக்கக் கிளை வெடித்துப் புதராகிவிடும், காற்று நுழையாமல் இலைக்கருகல் வரும், காயும் சிறுத்துப்போகும். திரும்பி வந்து பார்த்தால் சாலுக்குச் சால் பக்கச்சிம்பு கிள்ளி, கிள்ளினதைக் காட்டுக்கு வெளியே குவித்து வைத்திருக்கிறது! யாரும் கேட்காமலே, கூலிக்குப் போகும் முன் வந்து செய்திருக்கிறார்.

அப்புறம் நானும் கூடப் போனேன். அக்கா வாயிலிருந்த புகையிலையைத் துப்பிவிட்டு, தொட்டியடியில் சோப்புப் போட்டுக் கை கழுவினார். "புகையிலைக் கையோட தொட்டா செடிக்கு நோவு ஒட்டிக்கும் கண்ணு." சிம்பு விரல் நீளம் வருவதற்குள் பிடித்துப் பக்கவாட்டில் ஒரு மடக்கு, சட்டென்று ஒடிகிறது, கத்தியே தேவையில்லை. மழையில் மண் தெறித்து நோய் ஏறும் என்று முதல் கொத்துக்குக் கீழே உள்ள அடியிலையையும் எடுத்திருந்தார், ஆனால் காய்க்கு நிழல் கொடுக்கும் இலையில் கை வைக்கவில்லை, வெயில் நேராக விழுந்தால் தோல் வெளுத்துவிடுமாம். கிணற்றோரத்துக் குட்டை ரகத்தை அப்படியே விட்டிருந்தார், அதைக் கிள்ளினால் காய் குறையும் என்று எனக்கே அன்றுதான் தெரியும். செடி ஈரமாக இருந்த நாளில் காட்டுக்குள் இறங்கவே இல்லையாம்.

கூலி கொடுத்தேன், வாங்கவில்லை. நீட்டின கையையே தள்ளிவிட்டார். சரி அக்கா, உங்கள் காட்டில் அடுத்த நடவு எப்போது என்று மட்டும் சொல்லுங்கள். சிம்பு கிள்ள வேறு ஆள் வைக்காதீர்கள், காலையில் நான் வந்துவிடுவேன், சோப்பும் நானே எடுத்து வருகிறேன்.